‘உலகத்திலேயே 500 தான்!’ - லிமிடெட் எடிஷன் வாட்ச் மோகமும் போடி ஏலக்காய் சொல்லும் கணக்கும்

‘கிடைக்காத பொருளுக்குத்தான் மவுசு’ என்று போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019-ம் வருஷத்தை ஞாபகப்படுத்தினாலே போதும். 2018 பெருமழையில் ஏலமலைத் தோட்டங்கள் அடிவாங்கின. அடுத்து வந்த கோடையில் மழை ஏமாற்றியது. செடி காய்ந்தது, வரத்து சுருங்கியது. 2019 ஆகஸ்ட்டில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. போடி டீக்கடைகளில் அன்றைக்கு அதுதான் பேச்சு.

இப்போது அதே டீக்கடையில் நிற்கும் தம்பியின் போனைப் பாருங்கள். ரீல்ஸில் ஒருவர் வாட்ச்சின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறார். ‘லிமிடெட் எடிஷன் ப்ரோ, இதுக்கு மேல வராது!’ மணி பார்க்க போனே போதும். அப்புறம் ஏன் இந்த வாட்ச்சுக்கு லட்சங்களைக் கொட்டுகிறார்கள்?

தமிழ்நாடே பேசிய வாட்ச்

லிமிடெட் எடிஷன் என்ற வார்த்தை நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்ததற்கு ஒரு அரசியல் சண்டையும் காரணம். 2022 டிசம்பரில், அப்போதைய தமிழக பா.ஜ.க தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த ரஃபேல் வாட்ச்சுக்கு பில் இருக்கிறதா என்று அப்போதைய அமைச்சர் செந்தில் பாலாஜி கேட்டார். 2023 ஏப்ரலில் பில்லை வெளியிட்ட அண்ணாமலை, வேறொருவரிடமிருந்து 3 லட்ச ரூபாய்க்கு வாங்கியதாகச் சொன்னார்.

அரசியலை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு வாட்ச்தான் விஷயம். பெல் அண்டு ராஸ் என்ற நிறுவனம் ரஃபேல் போர் விமானத்தின் பெயரில் 2015-ல் விட்ட மாடல் அது. மொத்தமே 500. அந்த எண்ணிக்கை மட்டும் இல்லையென்றால், இவ்வளவு பேச்சு வந்திருக்குமா?

அரிது என்றால் எந்த அரிது?

கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், ஒரு வாட்ச் மூன்று விதமாக அரிதாகிறது.

முதல் விதம், கம்பெனியே எண்ணி நிறுத்துவது. நம் ஓசூரில் பிறந்த டைட்டன், 2025-ல் ‘நெபுலா ஜல்சா’ என்று ஒரு டூர்பில்லன் வாட்ச்சைக் கொண்டுவந்தது. விலை சுமார் 40 லட்சம் ரூபாய். செய்தது 10 மட்டும். உலக அளவில் பெரிய உதாரணம் பதேக் பிலிப். நாட்டிலஸ் 5711 மாடலை நிறுத்தும் நேரத்தில், டிஃப்பனி கடையின் நீல நிறத்தில் டயல் போட்டு 170 வாட்ச்களை மட்டும் விட்டது. கடை விலை சுமார் 52,000 டாலர். அதில் ஒன்று 2021 டிசம்பரில் நியூயார்க்கில் அறப்பணிக்காக ஏலத்துக்கு வந்தது. போன விலை 65 லட்சம் டாலர்!

இரண்டாவது விதம், யாருமே சீண்டாததால் அரிதாவது. 1960-களில் ரோலெக்ஸ் டேடோனாவில் ஒரு வித்தியாசமான டயல் வந்தது. அன்றைக்கு அது கடையில் தூங்கிய சரக்கு. அதனால் அதிகம் செய்யவில்லை. ஹாலிவுட் நடிகர் பால் நியூமேன் அதைக் கட்டினார். பிறகு அந்த டயலுக்கே அவர் பெயர் வந்துவிட்டது. அவர் கட்டியிருந்த அதே வாட்ச் 2017 அக்டோபரில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

மூன்றாவது விதம் நம் வீட்டு பீரோவில் இருக்கிறது. எச்.எம்.டி! ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் தொடங்கியது. ஜனதா, பைலட் என லட்சக்கணக்கில் செய்தார்கள். தாத்தா ரிட்டயர்மென்ட்டுக்கு ஒன்று, மாமா கல்யாணத்துக்கு ஒன்று என்று ஊருக்கே பொதுவான வாட்ச். 2016 ஜனவரியில் எச்.எம்.டி வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அதன்பிறகு, யாரும் திரும்பிப் பார்க்காத சாவி கொடுக்கும் வாட்ச்சைத் தேடி ஒரு கூட்டமே அலைகிறது.

மூன்றிலும் ஈர்ப்பு ஒன்றுதான். ‘இது என்கிட்ட இருக்கு, உன்கிட்ட இல்லை’ என்பது அதில் ஒரு பங்கு. பேட்டரி இல்லாமல் சின்னச் சின்னச் சக்கரங்கள் ஓடுவதைப் பார்க்கும் சந்தோஷம் இன்னொரு பங்கு. மிச்சமெல்லாம் கதை. விமானம், நடிகர், தாத்தா... கதை இல்லாத வாட்ச்சை எத்தனை கம்மியாகச் செய்தாலும் யாரும் தேடி வருவதில்லை.

ஏறினது இறங்காதா?

ரீல்ஸ் சொல்லாத இடத்துக்கு வருவோம். ‘500 தான் இருக்கு, அதனால விலை ஏறிக்கிட்டேதான் இருக்கும்’ என்பது பாதிக் கணக்கு.

ஏலக்காய்க்கு என்ன ஆனது? 7,000 ரூபாய் பார்த்த காய், அடுத்த சில வருஷங்களிலேயே சராசரியாக 1,000 ரூபாய்க்குக் கீழே சரிந்தது. நல்ல விலை வந்தால் ஆட்கள் கூடுதலாக நடுவார்கள், பராமரிப்பார்கள். மழையும் கைகொடுத்தால் வரத்து கூடும், விலை இறங்கும். இது புரிகிறது.

வாட்ச் அப்படி இல்லையே, 500 எப்போதும் 500 தானே? உண்மைதான். ஆனாலும் செகண்ட் ஹேண்ட் வாட்ச் சந்தை 2022 தொடக்கத்தில் உச்சம் தொட்டுவிட்டு, மளமளவென்று இறங்கியது. ஒரு வாட்ச்கூட கூடவில்லை. கேட்கிற ஆள்தான் குறைந்துபோனார். கொரோனா காலத்தில் கையில் புரண்ட காசு வற்றியதும், வெறும் லாபத்துக்காக வாங்கியவர்கள் விற்கக் கிளம்பினார்கள். அரிது என்பது தராசின் ஒரு தட்டு. அடுத்த தட்டில் உட்கார ஆள் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2019-ல் செடி காய்ந்துபோன சிறு விவசாயிக்கு அந்த 7,000 ரூபாயால் என்ன பயன்? விலை இருந்தது, விற்கக் காய் இல்லை. கையில் முன்கூட்டியே இருப்பு வைத்திருந்தவருக்குத்தான் யோகம். வாட்ச்சிலும் அதேதான். அரிய மாடலைக் கடைக்காரர் தன் பழைய, பெரிய வாடிக்கையாளருக்குத்தான் கடை விலையில் கொடுப்பார். ரீல்ஸ் பார்த்து, இ.எம்.ஐ போட்டு, மூன்றாவது கையில் வாங்குபவர் அடுத்தவருடைய லாபத்துக்குத்தான் மாதாமாதம் வட்டி கட்டுகிறார்.

சாம்பிள் பார்க்காம பட்டன் அழுத்தாதீங்க!

போடியில் ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். ஆனாலும் சாம்பிள் காயைக் கையில் கொட்டி, பருமன், நிறம், எடை பார்க்காமல் யாரும் பட்டனை அழுத்துவதில்லை. வாட்ச்சுக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

பின்பக்க எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றா? பெட்டி, வாரன்ட்டி கார்டு இருக்கிறதா? நம்பகமான ரிப்பேர்காரர் திறந்து பார்த்தாரா? எச்.எம்.டி வாங்குபவர்கள் இரண்டு மடங்கு உஷாராக இருக்க வேண்டும். பழைய மெஷினில் புது டயல் அச்சடித்து, கம்பெனி எந்தக் காலத்திலும் விடாத நிறத்தில் ‘அரிய பீஸ்’ என்று ஆன்லைனில் விற்பது சகஜம்.

வரிக் கணக்கும் முக்கியம். 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்ச ரூபாய்க்கு மேல் வாட்ச் வாங்கினால் விற்பவர் 1 சதவிகிதம் டி.சி.எஸ் பிடிக்கிறார். வருமான வரி கட்டும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய மாற்றம், 2025 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்த இந்தியா - எஃப்டா ஒப்பந்தம். இதன்படி சுவிஸ் வாட்ச்களின் இறக்குமதி வரி படிப்படியாகக் குறையும். இன்றைக்கு ‘முதலீடு’ என்று அதிக விலை கொடுத்து வாங்கும் சாதாரண சுவிஸ் மாடல், நாளைக்குக் கடையிலேயே விலை குறைந்து கிடைக்கலாம்.

ஆசைப்பட்டு வாங்குவதில் தப்பே இல்லை பாஸ். விலை பாதியாகக் குறைந்தாலும் இதைக் கட்டிக்கொண்டு திரிவேனா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ‘ஆமா’ என்றால் தாராளமாக வாங்குங்கள். ‘இல்லை’ என்றால், நீங்கள் வாங்குவது வாட்ச் இல்லை. 2019 ஆகஸ்ட் மாச ஏலக்காய்.

அதுக்கு முன்னாடி, வீட்டு பீரோவை ஒருமுறை திறந்து பாருங்கள். சாவி கொடுத்தால் ஓடக் காத்திருக்கும் ஜனதா ஒன்று உள்ளே கிடக்கலாம்.