பதினெட்டு நிறைந்த மறுநாள்

குழந்தைகள் இல்லங்களில் வளரும் சகோதரிகளுக்குப் பதினெட்டாம் பிறந்தநாள், பெட்டியைக் கட்டும் நாளும்கூட. அந்த வயதில் நாமோ அம்மாவிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுக்கிறோம்!

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இவர்களுக்கு 21 வயதுவரை பிற்காப்புக்கு வழி செய்கிறது. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கத் தற்காலிக வீடு, தொழில் பயிலும்போது உதவித்தொகை, வேலை கிடைக்கும்வரை ஆதரவு என்று 2016ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் விரிவாகவே கூறுகின்றன.

தையலோ கணினியோ கற்றுக்கொடுத்தால் போதும் என்பாரும், சீக்கிரம் மணம் முடித்துவிடலாம் என்பாரும் உளர். நாங்கள் இதை ஏற்கவில்லை. இரவு எங்கே படுப்பது என்று கலங்குபவள் பகலில் எதைக் கற்பாள்? வாடகைக்கு வீடு கேட்டாலோ, "அப்பா என்ன செய்கிறார்?" என்பதே முதல் கேள்வி.

நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் மாடி வீடுகள்தாம் எத்தனை! அவற்றை வைத்திருக்கும் பெற்றோர் சற்று எண்ணிப் பார்க்கலாமே.