வைரமே மரம்

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேர்வடத்தை அன்று பிரெஞ்சுக் கவர்னர் பிடித்தார்; 1954-ல் அவ்வாட்சி அகன்ற பின்னர் நம் ஆட்சியாளர் பிடிக்கின்றனர். ஆயினும் தேரைத் தாங்குவது மரத்தின் வைரமேயன்றோ?

தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி மரம் வாங்குவது பேதைமை. தேக்காயினும் வேங்கையாயினும் வைரம் பாயாத வெளிறில் மாச்சத்து மிகுதி. வண்டும் கறையானும் அதை விரைவில் அரித்துவிடும். நடுவயிரத்தில் ஊறி உறைந்த பொருள்களே அவற்றைத் தடுப்பவை. இளமரத்திலோ வெளிறே அதிகம். பாகூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளைத் தாங்கும் பனங்கைக்கு வைரம் புறத்திலே. அகக்காழ், புறக்காழ் என இவ்வேற்றுமையை அன்றே வகுத்துக் காட்டியது தொல்காப்பியம்.

ஆகவே, பொதுப்பணத்தில் வாங்கும் மரத்தை, வெளிறு நீக்கி வைரம் பார்த்தே ஏற்கவேண்டுமென ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் விதிக்குமாறு புதுவைச் சர்க்காரை வற்புறுத்துகிறோம். மேற்பூச்சில் மயங்கும் வழக்கம் அந்நியராட்சியோடு ஒழிந்திருக்க வேண்டும்.