பைல் பெயரை வெட்டுவது யார்?

இண்டர்நெட்டிலிருந்து ஒரு பைலை டவுன்லோட் செய்கிறீர்கள். திறக்கப் போனால், "இதை எந்த புரோகிராம் கொண்டு திறப்பது?" என்று விண்டோஸ் உங்களையே திருப்பிக் கேட்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்த இடத்தில் பயந்துவிடுகிறார்கள். எதையோ தவறாக அழுத்திவிட்டோம் என்றோ, வைரஸ் வந்துவிட்டது என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். சில சமயம் இரண்டுமே காரணமாக இருக்காது. பைலின் பெயரில் இருந்த ஒரு ஸ்பேஸ், அதாவது இடைவெளிதான் காரணம். அந்தத் தவறும் உங்களுடையது அல்ல. எங்களைப் போன்ற புரோகிராமர்களுடையது. நானே அப்படி ஒரு தவறு செய்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

2016-ல் நான் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு சிறிய வெப்சைட் செய்து கொடுத்தேன். மாதக் கணக்கை அதிலிருந்து டவுன்லோட் செய்துகொள்ளலாம். என் கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் சோதித்துப் பார்த்தேன். நன்றாக வேலை செய்தது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அவர் வைத்திருந்தது வேறு பிரவுசர். "மார்ச் அக்கவுண்ட்ஸ்.பிடிஎப்" என்று ஆங்கிலத்தில் நான் பெயரிட்டிருந்த பைல், அவருக்கு வெறும் "மார்ச்" என்று வந்து சேர்ந்தது. ஸ்பேஸுக்குப் பின்னால் இருந்தது எல்லாம் போய்விட்டது. கூடவே எக்ஸ்டென்ஷனும் போய்விட்டது. எக்ஸ்டென்ஷன் இல்லாவிட்டால் அது எந்த வகை பைல் என்று விண்டோஸுக்குத் தெரியாது.

வைரஸ் என்று நினைத்து, ரிப்பேர் பார்ப்பவர் ஒருவரை அழைத்தார் அவர். வந்தவர் ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்துவிட்டுப் போனார். பேத்தியின் முதல் பிறந்த நாள் போட்டோக்கள் அதில் இருந்தன. வேறு காப்பி இல்லை. "நான்தான் எதையோ தொட்டுக் கெடுத்துட்டேன் போல, தம்பி" என்று என்னிடம் வருத்தப்பட்டார். இரண்டு நாள் கழித்து என் புரோகிராமைத் திறந்து பார்த்தபோதுதான், கெடுத்தது யார் என்று எனக்குத் தெரிந்தது.

என்ன நடந்தது?

ஒரு பைலை அனுப்புவதற்கு முன், சர்வர் சில வரிகளை பிரவுசருக்கு அனுப்பும். அவை உங்கள் கண்ணுக்குத் தெரியாது. "கன்டென்ட் டிஸ்பொசிஷன்" என்ற வரியில் பைலின் பெயர் இருக்கும். பெயரில் ஸ்பேஸ் இருந்தால் அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் தர வேண்டும் என்பது விதி. 2011-ல் வெளியான இண்டர்நெட் தர ஆவணமும் இதையே சொல்கிறது. நான் மேற்கோள் குறி போடவில்லை. பைல் எந்த வகை என்பதையும் சரியாகக் குறிப்பிடவில்லை.

மேற்கோள் குறி இல்லாத பெயரைக் குரோம் முழுப் பெயராகவே எடுத்துக்கொண்டது. பயர்பாக்ஸ் நெடுங்காலம் விதியைக் கறாராகப் பின்பற்றி, முதல் ஸ்பேஸோடு பெயரை நிறுத்திக்கொண்டது. "விதிப்படி நடந்த பிரவுசர்தானே சரி?" என்று என்னுடன் வேலை செய்பவர்கள் கேட்பார்கள். விதிப்படி சரிதான். ஆனால் விதியை மீறியவன் நான். தண்டனை போய்ச் சேர்ந்தது அந்த ஆசிரியருக்கு. அதற்காக, தாராளமாக நடந்துகொள்ளும் பிரவுசரை முழுக்கப் பாராட்டவும் முடியாது. என் தவறை அது மூடி மறைத்ததால்தான், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் நம்பினேன். எனவே வெப்சைட் அமைப்பவர்கள் இரண்டு மூன்று பிரவுசர்களிலாவது சோதித்துப் பார்த்த பிறகே வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டும்.

20 எங்கிருந்து வந்தது?

சில பைல்களின் பெயரில் சொற்களுக்கு நடுவே %20 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் ஸ்பேஸ்தான். இண்டர்நெட் முகவரியில் ஸ்பேஸ் நேரடியாக வரக் கூடாது என்று 1994-லேயே விதி வகுத்துவிட்டார்கள். முகவரியை எழுதும்போதோ அச்சிடும்போதோ ஸ்பேஸ் காணாமல் போகலாம், தேவையில்லாமல் நுழையவும் செய்யலாம் என்பதே காரணம். ஆஸ்கி பட்டியலில் ஸ்பேஸின் எண் 32. பதினாறின் அடிப்படையில் எழுதினால் 20. அதன் முன்னால் சதவீதக் குறியைச் சேர்த்தால் %20. பயணம் முடிந்ததும் அதை மீண்டும் ஸ்பேஸாக மாற்ற வேண்டும். யாராவது மாற்ற மறந்தால் அப்படியே உங்கள் போல்டரில் வந்து உட்கார்ந்துவிடும். தமிழ்ப் பெயர் என்றால் இன்னும் நீளும். "தமிழ்" என்ற ஒரு சொல் இந்த முறையில் 45 குறிகளாகிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலில், பைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும்.

பாதிப் பெயரோடு பைல் வந்தால் பதற வேண்டாம். நம்பகமான இடத்திலிருந்து, நீங்களே கேட்டு வாங்கிய பைல்தானா என்று உறுதி செய்யுங்கள். பிறகு பைலைத் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்தி, பெயரின் முடிவில் ஒரு புள்ளியும், உரிய எக்ஸ்டென்ஷனை ஆங்கில எழுத்துகளிலும் சேருங்கள். பிடிஎப்தானா என்று சந்தேகமா? நோட்பேடில் திறந்து பாருங்கள். பொதுவாகத் தொடக்கத்திலேயே சதவீதக் குறியும் அதை அடுத்து பிடிஎப் என்ற ஆங்கில எழுத்துகளும் இருக்கும். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பைல் என்றால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

"பைல் பெயரில் ஸ்பேஸே வைக்காதீர்கள்" என்று பலர் அறிவுரை சொல்வார்கள். இதை நான் முழுமையாக ஏற்கவில்லை. எட்டு எழுத்துப் பெயர் என்ற டாஸ் காலக் கட்டுப்பாடு 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோதே நீங்கிவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பைல்களுக்கு ஸ்பேஸ் விட்டுத் தாராளமாகப் பெயர் வையுங்கள். வெப்சைட்டில் ஏற்றும் பைலுக்கு மட்டும் ஸ்பேஸுக்குப் பதில் ஹைபன் போடுங்கள். அதன் முகவரியை மெயிலில் அனுப்பும்போது, ஸ்பேஸ் இருந்தால் லிங்க் பாதியில் அறுந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியமான போட்டோக்களுக்கு இன்னொரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் யாரையும் பார்மட் செய்ய விடாதீர்கள்.

அந்த ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டார். இன்றும் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் போன் செய்து, "இது என் தப்பா, உங்க ஆளுங்க தப்பா?" என்றுதான் முதலில் கேட்பார். நீங்களும் அப்படியே கேளுங்கள்.