வெட்டினால் மட்டும் போதுமா?

திருவள்ளூர் ஜில்லாவில் பழவேற்காடு ஏரியை அடுத்த காட்டூர் முதலிய கிராமங்களில் சீமைக் கருவேல மரத்தை அறியாதார் இலர். ஏழை ஜனங்களுக்கு அதுவே விறகு, அதுவே வேலி. தரிசையும் மேய்ச்சல் நிலத்தையும் கவர்ந்துகொள்வதும் அதுவே. இதை ஒழிக்கப் புறப்படுவோர், இது எவ்வாறு வெல்கிறது என்பதை முதலில் உணர்தல் அவசியம்.

அமெரிக்கக் கண்டத்து மரமாகிய இதன் விதை, விறகுக்காக 1877-ல் ஜமைக்காவிலிருந்து தருவிக்கப்பட்டு, அக்காலச் சென்னை ராஜதானியின் கடப்பை ஜில்லாவில் விதைக்கப்பட்டது. ஆடுமாடுகள் இனிப்பான நெற்றைத் தின்று, விதையை எங்கும் பரப்பின.

இம்மரத்தின் உதிர்ந்த இலைகளிலிருந்து பீனால் முதலிய ரசாயனப் பொருள்கள் மழைநீரில் கரைந்து மண்ணில் இறங்குகின்றன. அவை அண்டையில் விழும் விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. முளைத்த செடியின் வேரையும் குன்றச் செய்கின்றன. ஒரு தாவரத்தின் ரசாயனம் மற்றொன்றைப் பாதிக்கும் இச்செயலுக்கு 'அல்லெலோபதி' என்று 1937-ல் பெயரிட்டவர் ஆஸ்திரிய தேசத்துத் தாவர சாஸ்திரி ஹான்ஸ் மோலிஷ். இலைச்சாற்றை விதைகளுக்கு வார்த்துச் செய்த பரிசோதனைகளில் இது தெளிவாயிற்று. ஆயினும் வயல்வெளியில் நிழலும், வேர்கள் நீருக்காகச் செய்யும் போட்டியும் உடன்சேர்ந்தே வேலை செய்கின்றன. பழி முழுவதையும் ரசாயனத்தின்மேல் சுமத்துவது சாஸ்திரமாகாது.

இம்மரங்களை அகற்றுமாறு சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்டது. அந்நியத் தாவரங்களை அகற்றி வனங்களைச் சீராக்கும் கொள்கையை மாகாண சர்க்கார் 2022-ல் வெளியிட்டனர். இவை வரவேற்கத் தக்கவையே. ஆனால் கோடரி மட்டும் போதாது. அடிக்கட்டை மறுபடி தழைக்கும். மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும். இலைச்சருகு அங்கேயே தங்கும். வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் பழைய மரமே திரும்ப வரும். ஆகவே வேரோடு பறித்து, சருகை வாரி, புங்கு, வேம்பு, பனை முதலிய நம் மரங்களை நட்டு, அவை நிலைக்கும்வரை காவல் செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. அடுப்புக்கு இம்மரத்தையே நம்பியிருக்கும் குடும்பங்களைக் கலந்துகொள்ளாமல் காட்டை அழித்தால், அவர்களே முதலில் கஷ்டப்படுவார்கள். விறகுக்கென்று கொண்டுவந்த மரத்தை விறகுக்கு வழி காட்டாமல் ஒழிப்பது நீதியன்று. மாற்று எரிபொருளுக்கு வழி செய்து, மரம் பறிக்கும் வேலையையும் நடும் வேலையையும் உள்ளூராருக்கே கூலியுடன் அளித்தல் சர்க்காரின் கடமை. கிராம சபைகளில் இதை வற்புறுத்துவது ஊழியர்களின் கடமை.