மூணு லட்சம் ஹெட்செட்டுக்குச் சிரிச்சோம்... முப்பதாயிரம் ரூபாய் கண்ணாடியைக் கவனிச்சோமா?

“இதுக்கு மூணு லட்சமா? அந்தக் காசுல ரெண்டு ஸ்கூட்டர் வாங்கலாமே!”

ஆப்பிளின் ‘விஷன் ப்ரோ’ ஹெட்செட் பற்றி சென்னையில் யாரிடம் பேச்சை எடுத்தாலும் முதலில் வந்து விழுவது இந்த மாதிரி ஒரு வசனம்தான். தி.நகர் பக்கம் கேட்டால் கணக்கு பவுனில் வரும். மயிலாப்பூர் மாமாவிடம் காட்டினால், “இத மாட்டிண்டு காபி எப்படிக் குடிக்கிறது?” என்பார். அடையாறு ஐ.டி. இளைஞருக்கோ, “யு.எஸ்.லேருந்து ஃப்ரெண்ட் வர்றான், ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லலாமா?” என்று ஒரு சபலம்.

மூன்றுமே நியாயமான எதிர்வினைகள்தான். ஆனால் மூன்றும் விலையோடும் தோற்றத்தோடும் நின்றுவிடுகின்றன. இந்த மாதிரிக் கருவியை ஒருவர் முகத்தில் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்வியை நாம் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை.

முதலில், இது என்ன கருவி?

விஷன் ப்ரோவை ஆப்பிள் அறிவித்தது 2023 ஜூனில். அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2024 பிப்ரவரி 2-ஆம் தேதி. விலை 3,499 டாலர். 2025 அக்டோபரில் ‘எம்5’ சிப்புடன் புதிய மாடல் வந்தபோதும் அதே விலைதான். அந்த வெளியீட்டுப் பட்டியலிலும் இந்தியா இல்லை. அதனால் இங்கே இருப்பவை எல்லாம் வெளிநாட்டில் வாங்கி வந்தவை.

பார்க்க நீச்சல் கண்ணாடி மாதிரி இருந்தாலும், இதன் வழியாக வெளியே எதுவும் தெரியாது. முன்பக்கக் கேமராக்கள் எதிரில் இருப்பதைப் படம் பிடிக்கின்றன. உள்ளே இருக்கும் ‘ஆர்1’ சிப் அதை 12 மில்லி செகண்டில் கண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு குட்டித் திரைகளுக்கு அனுப்புகிறது. நிஜ ஹால், நிஜ சோபா, நடுவில் அந்தரத்தில் மிதக்கும் ஒரு பெரிய சினிமா ஸ்கிரீன் என்று எல்லாம் கலந்து தெரியும். ‘மிக்ஸ்டு ரியாலிட்டி’ என்பது இதுதான். மவுஸ், கீபோர்டு வேண்டாம். எதைப் பார்க்கிறீர்களோ அது தேர்வாகும், இரண்டு விரலைச் சேர்த்தால் கிளிக். கையை அசைக்க முடியாதவர்கள் கண்ணாலேயே இயக்கலாம் என்பது பெரிய நல்ல விஷயம்.

சிரமமும் உண்டு. முதல் மாடலே 600 முதல் 650 கிராம் எடை. பேட்டரியைத் தனியாக பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மாடலில் வீடியோ மட்டும் பார்த்தால் சுமார் இரண்டரை மணி நேரம் வரும். 168 நிமிஷம் ஓடும் ‘ஜெயிலர்’ பார்த்தால், சார்ஜரைச் செருகாவிட்டால் கிளைமாக்ஸ் அம்பேல்.

விலைதான் பிரச்சினையா?

முதல் மாடல் வந்த நாளில் அதன் விலை நம் காசில் ஏறக்குறைய 2.9 லட்சம். அன்றைய தங்க விலைக்கு ஆறு பவுன். 2025 அக்டோபரில் அதே 3,499 டாலர் மூன்று லட்சத்தைத் தாண்டியது. ஆனால் தங்கம் ஏறிய வேகத்தில் அது மூன்று பவுன் சொச்சம்தான். ஹெட்செட் வாங்காமல் உஸ்மான் ரோட்டில் நகை வாங்கியவர் சாமர்த்தியசாலி. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் விலையை வைத்து ஒரு கருவியை எடைபோட்டு நாம் முன்பும் ஏமாந்திருக்கிறோம். 1995 ஜூலை 31 அன்று நாட்டின் முதல் செல்போன் அழைப்பு பேசப்பட்டது. அந்தக் காலத்தில் ஒரு நிமிஷம் பேச 16 ரூபாய் வரை ஆனது. வரும் அழைப்புக்கும் காசு. “பணக்காரங்க விளையாட்டு” என்றோம். 2008 ஆகஸ்டில் ஐபோன் இங்கே வந்தபோது 8 ஜிபி மாடல் 31,000 ரூபாய். “போனுக்கு முப்பதாயிரமா?” என்று சிரித்தோம். இன்று அதே விலைக்கு மாதத் தவணையில் போன் வாங்குவது சாதாரணம். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது டி.வி. பெட்டி தெருவுக்கு ஒன்று இருந்தால் அதிசயம். 2006-இல் தமிழக அரசே இலவசமாகக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது.

ஆக, விலை இறங்கும். எப்போது என்பதுதான் தெரியாது. 2025 அக்டோபரில் சாம்சங் தன் ‘கேலக்ஸி எக்ஸ்ஆர்’ ஹெட்செட்டை 1,799 டாலருக்கு, அதாவது ஆப்பிள் விலையில் பாதிக்கு, அமெரிக்காவிலும் தென் கொரியாவிலும் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

பின்னே எது பிரச்சினை?

அந்தத் தெருவுக்கு ஒரு டி.வி. காலத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ போடும் நேரத்துக்கு அக்கம்பக்கத்து வாண்டுகள் எல்லாம் அந்த வீட்டு ஹாலில் ஆஜர். செல்போனில்கூட ஒரு வீடியோ வந்தால், “அம்மா, இத பாரேன்” என்று நீட்டுகிறோம். ஹெட்செட்டில் அது கடினம். அடுத்தவருக்குக் கழற்றிக் கொடுக்கலாம். ஆனால் முக அளவு ஒத்துவர வேண்டும், அவர் கண்ணசைவுக்குக் கருவியை மறுபடி பழக்க வேண்டும். பவர் கண்ணாடி போடுபவர் என்றால் அவருக்கென்று தனி லென்ஸ் வேண்டும், அதற்கு 149 டாலர். இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் நாலு பேர் இருக்கும் வீட்டில், ஒருவர் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு வேறு உலகத்தில் இருப்பார்.

ஆப்பிளுக்கும் இது தெரியும். அணிந்திருப்பவரின் கண்களை வெளிப்பக்கத் திரையில் காட்டும் ‘ஐசைட்’ வசதியை வைத்ததே அதற்காகத்தான். படம் எடுக்கும்போது அந்தத் திரையில் அடையாளமும் தெரியும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

பெருங்குடி ஆபரேஷன் தியேட்டரில்...

இதே தனிமை ஓர் இடத்தில் பலமாகிறது. பெருங்குடியில் உள்ள ஜெம் மருத்துவமனையில் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சைகளுக்கு விஷன் ப்ரோவைப் பயன்படுத்தினார்கள். 30-க்கும் மேற்பட்ட சிகிச்சைகளில் பயன்பட்டதாக 2024-இல் செய்திகள் வந்தன. லேப்ராஸ்கோபியில் டாக்டரின் கை நோயாளியிடம் இருக்கும், கண்ணோ தள்ளி இருக்கும் மானிட்டரில் இருக்கும். மணிக்கணக்கில் கழுத்தைத் திருப்பி நிற்க வேண்டும். ஹெட்செட் போட்டால் கேமராக் காட்சி, ஸ்கேன் எல்லாம் நேரெதிரே வந்து நிற்கும். அதே ஆண்டு மார்ச்சில் லண்டன் க்ராம்வெல் மருத்துவமனையிலும், முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் உதவிய நர்ஸ் ஒருவர் இதைப் பயன்படுத்தினார்.

கிண்டி பக்கம் வந்தால், ஐ.ஐ.டி. மெட்ராஸில் இந்தத் துறைக்கென்றே ‘எக்ஸ்டிஐசி’ என்ற ஆய்வு மையம் இயங்குகிறது. ஹெட்செட் உலகத்தில் கண்ணுக்குத் தெரிவதைக் கையால் தொட்டு உணரவைப்பது எப்படி என்று அங்கே ஆராய்கிறார்கள்.

வேலை இடத்தில் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, நேர அளவு இருக்கிறது, கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. மூன்று லட்சம் அங்கே பெரிய தொகையும் அல்ல. நம் ஊருக்கு இந்தத் தொழில்நுட்பம் வர வேண்டிய வாசல் மருத்துவமனையும் கல்லூரியும்தான். “ஃப்ரெண்ட் வர்றான்” என்று யோசிக்கும் இளைஞருக்கு நம் பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி.

கூகுள் பட்ட பாடு

வீதிக்கு வரும்போது கதை மாறும். 2013-இல் கூகுள் ‘கிளாஸ்’ என்ற கண்ணாடியை 1,500 டாலருக்கு விற்றது. அதில் ஒரு சின்னக் கேமரா இருந்தது. போட்டுக்கொண்டு வருபவர்களை அமெரிக்காவில் சில பார்களும் ஹோட்டல்களும் உள்ளே விட மறுத்தன. “என்னைப் படம் எடுக்கிறானா?” என்ற சந்தேகமே அதற்குக் காரணம். 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனை நிறுத்தப்பட்டது.

விஷன் ப்ரோ போட்டுக்கொண்டு ஒருவர் ரங்கநாதன் தெருவில் நடந்தால் கூட்டமே நின்று வேடிக்கை பார்க்கும். அவர் திருட்டுத்தனமாகப் படம் எடுக்கவே முடியாது. சிக்கல் கண்ணுக்குத் தெரியாத தம்பியிடம் இருக்கிறது.

அந்தத் தம்பி யார்?

2025 மே மாதம் ‘ரே-பேன் மெட்டா’ கண்ணாடி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 29,900 ரூபாய். எடை ஹெட்செட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பவர் லென்ஸும் போட்டுக்கொள்ளலாம். பார்த்தால் சாதாரணக் கண்ணாடி. ஃபிரேமில் 12 மெகாபிக்சல் கேமரா. படம் ஓடும்போது ஓரத்தில் ஒரு குட்டி விளக்கு எரியும், அவ்வளவுதான். மத்தியான வெயிலில் பாண்டி பஜார் நடைபாதையில் அந்த விளக்கு யார் கண்ணில் படும்? காசு வாங்கிக்கொண்டு அந்த விளக்கைச் செயலிழக்கச் செய்து தரும் ஆட்களும் அமெரிக்காவில் இருப்பது 2025-இல் செய்தியானது.

2024 அக்டோபரில் ஹார்வர்டு மாணவர்கள் இருவர் ஒரு பரிசோதனை செய்து காட்டினார்கள். இந்தக் கண்ணாடி பிடித்த வீடியோவை, இணையத்தில் முகம் தேடும் சேவையோடு இணைத்தார்கள். தெருவில் எதிரே வந்த முன்பின் தெரியாதவரின் பெயரும் மற்ற விவரங்களும் வந்து விழுந்தன. எச்சரிக்கத்தான் செய்தோம் என்று சொல்லி, நிரலை அவர்கள் வெளியிடவில்லை. அடுத்தவர் அப்படி நல்லவராக இருப்பார் என்று யார் உத்தரவாதம் தருவது?

நம் சட்டம் என்ன சொல்கிறது?

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. ஆனால் தனிநபர் ஒருவர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்குக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. “என் சொந்த உபயோகத்துக்குத்தான் எடுத்தேன்” என்று ஒருவர் சொன்னால்?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு, ஒரு பெண்ணின் அந்தரங்கத் தருணத்தைப் பார்ப்பதையும் படமெடுப்பதையும் குற்றமாக்குகிறது. துணிக்கடை ட்ரையல் ரூமுக்கு அது பொருந்தும். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண்ணைக் கண்ணாடியால் படமெடுப்பது அதற்குள் எளிதில் அடங்காது.

கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடைசெய்ய உத்தரவிட்டது. செல்போனை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கலாம். கபாலீஸ்வரர் கோயிலுக்குப் பவர் கண்ணாடியோடு வரும் பெரியவரிடம் “கழட்டிக் குடுங்க சார்” என்று சொல்ல முடியுமா? எது வெறும் கண்ணாடி, எது கேமரா என்று வாசலில் நிற்கும் ஊழியருக்கு எப்படித் தெரியும்?

என்ன செய்யலாம்?

தடை போடு என்று நாம் சொல்லவில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு எதிரில் இருப்பதைப் படித்துச் சொல்லும் கண்ணாடி பெரிய உதவி. ஆனால் சில விஷயங்களை இப்போதே செய்துவிடலாம்.

● அரசு: படம் எடுக்கும்போது எரியும் விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும் என்று விதி வகுக்க வேண்டும். விளக்கை அணைத்தாலோ மறைத்தாலோ கேமரா வேலை செய்யக் கூடாது. அதை மாற்றித் தருவது குற்றமாக வேண்டும்.

● கடைகள், ஜிம், ஹாஸ்டல், கோயில், பள்ளி: “செல்போன் கூடாது” என்ற போர்டில் “கேமரா உள்ள கண்ணாடியும் கூடாது” என்று ஒரு வரி சேர்க்கலாம். பெயின்டர் செலவுதான்.

● மருத்துவமனைகள்: ஹெட்செட் பயன்படுத்தினால், அதில் பதிவாகும் காட்சி எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள் என்று ஒப்புதல் படிவத்திலேயே நோயாளிக்குச் சொல்ல வேண்டும்.

● வாங்கியவர்கள்: ட்ரையல் ரூம், லிஃப்ட், கிளினிக் மாதிரி இடங்களில் கழற்றிவிடுங்கள். ஒருவரைப் படம் எடுக்கும் முன் வாயைத் திறந்து கேளுங்கள்.

மூன்று லட்சம் ரூபாய் கருவியைப் பார்த்துச் சிரிப்பதற்கு நமக்கு நேரம் இருந்தது. அது இன்னும் நம் ஊர்க் கடைக்கே வரவில்லை. முப்பதாயிரம் ரூபாய் கருவி வந்து, விற்று, யார் மூக்கிலோ உட்கார்ந்தும் விட்டது. புதுக் கண்ணாடியோடு நண்பர் யாராவது எதிரே வந்தால், “எவ்ளோ மச்சி?” என்று கேளுங்கள், தப்பில்லை. கையோடு, “இதுல கேமரா இருக்கா? இப்ப ஓடுதா?” என்றும் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாத பழக்கம் முதலில் வர வேண்டும்.