இருபதாண்டுக் கணக்கு

'லியோ' (2023) படத்தில் 'கரு கரு கருப்பாயி' பாட்டு ஒலித்ததும் கொண்டாடிய இளைஞர்களில் பலர், அந்தப் பாட்டு முதலில் வந்த 'ஏழையின் சிரிப்பில்' படம் 2000இல் வெளியானபோது பிறந்திருக்கவே இல்லை. பிறக்காத காலத்துக்கு ஏங்க முடியுமா? எனவே பழசு திரும்பி வருவதை வெறும் ஏக்கம் என்று சொல்லிவிட முடியாது. காரணம், முடிவெடுப்பவர்களின் வயது. டவுன் பஸ்ஸிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் தொண்ணூறுகளின் பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று இயக்குநர் நாற்காலியில் இருக்கிறார்கள். 1986இல் பிறந்த லோகேஷ் கனகராஜ், 'விக்ரம்' (2022) படத்துக்கு எடுத்துக்கொண்டது 1995இல் வந்த 'அசுரன்' பாட்டை.

பாட்டைப் போலவே பழைய உடையும் திரும்பி வருகிறது; அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சலிப்பு. காலோடு ஒட்டிய ஜீன்ஸ் எல்லார் வீட்டுக் கொடியிலும் காயத் தொடங்கிய பிறகு, தனித்துத் தெரிய ஒரே வழி அகலம்தான். எழுபதுகளின் பெல்பாட்டம் வேறு பெயரில் கடைக்கு வந்துவிட்டது.

இதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தச் சுழற்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் போன்றது. அன்று விமர்சகர்கள் அலட்சியமாக ஒதுக்கிய இசையமைப்பாளர் தேவாவின் கச்சேரிக்கு இன்று இளைஞர்கள் திரள்கிறார்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகள். பாட்டை உருவாக்கியவர்களுக்குப் பெயரும் பணமும் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். திரையரங்கில் விசில் வாங்கப் பழைய பாட்டே போதும் என்ற சோம்பல் கூடாது. 2045இல் படம் எடுப்பவர்களுக்கும் எடுத்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே!