மாட்சா பொடிக்கு முன்னால் பந்தலைப் பாருங்கள்

கேள்வி: "கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கணவர் வழியில் கோபி பக்கம் கொஞ்சம் நெல் வயலும் உண்டு. மகன் ஜப்பானில், ஒசாகாவில் வேலை பார்க்கிறான். மே மாதம் இரண்டு வாரம் அவனிடம் போகிறோம். தேயிலை, அரிசி சம்பந்தமாக அங்கே எதைப் பார்க்கலாம்? மாட்சா பொடிக்கு நல்ல விலை கிடைக்கிறது என்கிறார்கள். அரவை இயந்திரம் வாங்கிப் போட்டால் நாமும் செய்யலாமா?"

- வாசகி ஒருவர், நீலகிரி மாவட்டம்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்துக்கு இப்போது முன்பணம் கொடுக்க வேண்டாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம் நானும் சொந்தச் செலவில் அந்தப் பக்கம் சுற்றி வந்தேன். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் போகும் மாதம் நல்ல மாதம். ஜப்பானில் வசந்தம் தொடங்குவதாகக் கணக்கிடும் நாளிலிருந்து 88-வது நாள் மே 2 வாக்கில் வரும். முதல் கொழுந்துக்கு அதுதான் அடையாள நாள். ஒசாகாவிலிருந்து கெய்ஹான் ரயிலில் ஏறி, சூஷோஜிமா நிலையத்தில் மாறினால் உஜி ஊர். கடைத்தெரு முழுக்கத் தேயிலை மணம்தான். ஆனால் கடையோடு திரும்பிவிடாதீர்கள். தோட்டத்தைப் பார்க்க வேண்டும்.

அங்கே தேயிலைச் செடிக்கு மேலே பந்தல் போட்டிருப்பார்கள். பழைய முறையில் நாணல் தட்டியும் அதன்மேல் வைக்கோலும் பரப்புவார்கள். இப்போது பெரும்பாலும் கறுப்பு வலைதான். பறிப்பதற்கு முன் சுமார் 20 நாள், சில தோட்டங்களில் அதற்கும் மேல், செடி நிழலில் இருக்கும். காரணம் இதுதான்: தேயிலைக்கு இனிப்புக் கலந்த ருசி தருவது தியானின் என்ற சத்து. வேரில் உண்டாகி இலைக்கு ஏறும் இது, வெயில் பட்டால் துவர்ப்பாக மாறிவிடும். நிழலில் அப்படியே தங்கும். இலையும் மெலிந்து, அகன்று, கரும்பச்சையாகும்.

பறித்த கொழுந்தை அன்றைக்கே ஆவியில் வேகவைக்கிறார்கள். நிமிடக்கணக்கு இல்லை, நொடிக்கணக்கு. அதோடு இலை சிவப்பது நின்றுவிடும். நம் ஊர் தொழிற்சாலையில் கொழுந்தை வாடவிட்டு, நசுக்கி, புளிக்கவிட்டுச் சிவக்க வைக்கிறோம். அவர்கள் செய்வது நேர் எதிர். மாட்சாவுக்கான இலையை உருட்டாமல் அப்படியே உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் இயந்திரத்தில் அரைக்கிறார்கள். ஒரு கல் ஒரு மணி நேரத்தில் அரைப்பது சுமார் 40 கிராம்தான். வேகமாகச் சுற்றினால் சூடேறி மணம் போய்விடும்.

ஆக, அரவை கடைசி வேலை. நிழல் போடாத, சிவக்க வைக்கும் முறைக்காகப் பறித்த கொழுந்தை எந்த இயந்திரத்தில் அரைத்தாலும் அது பச்சைத் தேயிலைத் தூள். மாட்சா ஆகாது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நிழலில் வைத்தால் செடி பட்டினி கிடக்கிறது. அதனால் உஜியில் கையால் பறிக்கும் பந்தல் தோட்டங்களில் ஆண்டுக்கு ஒரே பறிப்பு. பிறகு கவாத்து செய்து, உரம் வைத்து ஓய்வு கொடுத்துவிடுவார்கள். நாமோ ஆண்டு முழுவதும் சுற்றுச் சுற்றாகப் பறிக்கிறோம். அந்த வருமானத்தை விட்டுவிட்டு ஒரே பறிப்பில் குடும்பம் ஓடுமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. வாங்குபவர் யார், என்ன தரத்துக்கு என்ன விலை என்று எழுத்தில் கிடைத்த பிறகு, 10 சென்ட்டில் வலை கட்டிப் பாருங்கள்.

நேரமிருந்தால் உஜிதவாரா போங்கள். 1738-ல் நாகதானி சோயென் என்ற விவசாயி, ஆவியில் வேகவைத்துச் சூடான மேசைமேல் கையால் உருட்டி உலர்த்தும் முறையை உருவாக்கிய ஊர். அவர் பிறந்த இடத்தில் பழைய உலர்த்தும் அடுப்பின் தடம் இருக்கிறது. தேநீர்ச் சடங்கிலும் உட்காருங்கள். முதலில் இனிப்பு தருவார்கள். அதைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மாட்சா வரும். சர்க்கரை கேட்காதீர்கள்! 'கியோகுரோ' என்ற நிழல் தேயிலையை 50, 60 டிகிரி வெந்நீரில்தான் ஊறவைக்கிறார்கள். கொதிக்கும் நீர் ஊற்றினால் துவர்த்துவிடும். ஊறிய இலையில் சோயா சாறு தொட்டுச் சாப்பிடுவதும் உண்டு. எனக்கு அது பிடித்திருந்தது.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. காய்கறி என்று சொல்லித் தரும் பல குழம்புகளிலும் உலர்மீன் சாறு இருக்கும். நீங்கள் சைவம் என்றால் புத்தக் கோயில் உணவான 'ஷோஜின் ரியோரி' கேளுங்கள்.

இனி அரிசி. உஜிக்கு ரயில் மாறும் அதே சூஷோஜிமாவுக்குப் பக்கத்தில்தான் ஃபுஷிமி, சாகே மது ஆலைகள் நிறைந்த இடம். மதுவைப் பற்றி எழுதுகிறேனே என்று கோபிக்க வேண்டாம். நான் பார்க்கச் சொல்வது நெல்லை. சாகே வடித்த சாராயம் அல்ல. வேகவைத்த அரிசியில் 'கோஜி' என்ற பூஞ்சாணத்தை வளர்த்து, ஒரே தொட்டியில் மாவுச்சத்து சர்க்கரையாகவும் சர்க்கரை மதுவாகவும் மாறுவது. மிசோ, சோயா சாறு எல்லாவற்றுக்கும் அதே பூஞ்சாணம்தான். இந்தக் கோஜி மது முறையை 2024-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதற்கென்றே தனி ரகங்கள் இருக்கின்றன. 'யமதா நிஷிகி' ஹ்யோகோ மாநிலத்தில் 1923-ல் ஒட்டுச் சேர்த்து, 1936-ல் பெயரிடப்பட்டது. உயரமாக வளரும், காற்றடித்தால் சாயும். அரிசியின் நடுவில் சுண்ணாம்பு போல வெள்ளை இருக்கும். நம் வியாபாரி பார்த்தால் விலையைக் குறைப்பார். அவர்களுக்கோ கோஜி உள்ளே இறங்க அந்த வெள்ளைதான் வேண்டும். உயர்தரச் சாகேவுக்கு அரிசியைப் பாதியளவுக்குத் தீட்டிவிடுகிறார்கள். தவிடும் மாவும் தீவனத்துக்கும் அரிசி முறுக்குக்கும் போகின்றன.

இவ்வளவு தொல்லை பிடித்த ரகத்தை ஏன் விடாமல் பயிரிடுகிறார்கள்? குறிப்பிட்ட கிராமத்து நெல்லைக் குறிப்பிட்ட ஆலையே ஆண்டுதோறும் வாங்கும் ஏற்பாடு ஹ்யோகோவில் 19-ம் நூற்றாண்டு இறுதியிலிருந்தே இருக்கிறது. 'முராமாய்', அதாவது கிராமத்து அரிசி என்று பெயர். இதைப் பற்றி உங்கள் மகனை விட்டு நாலு பேரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். கோபி வயலுக்கு இதில்தான் யோசிக்க விஷயம் இருக்கிறது.

மது காய்ச்சுவது குளிர்காலத்தில். மே மாதம் ஆலைகளின் அருங்காட்சியகம்தான் பார்க்க முடியும். எங்காவது உள்ளே அனுமதித்தால், அன்று காலை 'நத்தோ' என்ற புளித்த சோயா சாப்பிடாமல் போங்கள். அதன் பாக்டீரியா கோஜியைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவார்கள்.

தோட்டம், வயல் எதிலும் கேட்காமல் கால் வைக்காதீர்கள். ஆசைப்பட்டு தேயிலை நாற்றோ நெல் விதையோ பையில் போட்டுக்கொண்டும் வராதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறிமுதல்தான்.